வர்வாராவுக்கு ஒரு அறை

கிரினேனி
2018 பிப்ரவரி 11

அவ்ரேலியாவுக்கு,

ஃபோனைக் கையில எடுத்தேன், வெச்சுட்டேன். பேசினா நான் கத்துவேன். நீ "நிதானமாப் பேசுக்கா"ன்னு ஆபீஸ் குரல்ல சொல்லுவே, எனக்கு இன்னும் ஏறும். அதான் எழுதி மினிபஸ் டிரைவர் நிக்கு கையில குடுத்தனுப்பறேன். அவனும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் வாங்கினான். அவன் பொண்டாட்டியும் நான் வேலை பார்க்கற ஹோம்லதான் துணி துவைக்கிறா, உனக்குத் தெரியாததா?

செவ்வாய்க்கிழமை கூட்டம்னதும் பென்ஷன் விஷயம்னு நினைச்சு ஊரே வந்துது. தலைநகர்லருந்து வந்த கார்லருந்து நீ இறங்கினே. பக்கத்துல நின்னவகிட்ட "என் தங்கச்சி"ன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டேன். அப்புறம் நீ மேடை ஏறி, திரையில படம் போட்டு, மூளை வளர்ச்சி இல்லாத பொம்பளைங்களை வெச்சிருக்கற நம்ம ஊர் ஹோமை மூடப் போறோம்னு சொன்னே. கூடப் பொறந்தவகிட்ட முன்னாடி ஒரு வார்த்தை சொல்லலை. ஊரே திரும்பி என்னைப் பார்த்துது. எனக்கு முன்னாடியே தெரியும்னும் தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னும் இப்ப எல்லாரும் பேசறாங்க. ஹோம் சமையல்காரி என்கூடப் பேசறதை நிறுத்திட்டா.

"எல்லாரையும் சேர்த்துக்கற சமுதாயம்", "நிலைச்சு நிக்கற வளர்ச்சி"ன்னு என்னென்னமோ சொன்னே. இந்த ஊர்ல நிலைச்சு நிக்கறது அந்த ஒரு கட்டடம்தான் அவ்ரேலியா. கூட்டுப்பண்ணை போச்சு, ஒயின் ஆலை போச்சு. ஆம்பளைங்க மாஸ்கோ போனாங்க. என் வீட்டுக்காரர் போனவர் போனவர்தான். ஹோம் இருக்கறதாலதான் பொம்பளைங்க நாங்க இங்க இருக்கோம். அதை மூடிட்டு யாரை எதுல சேர்த்துக்கப் போறே?

அதைவிடு. நான் எழுத உட்கார்ந்தது வாராவுக்காக. நீ வர்வாரான்னு லிஸ்ட்ல வாசிச்சியே, அவதான். குழந்தைங்க ஹோம்லருந்து பதினாறு வயசுல இங்க வந்தா. எலும்பும் தோலுமா. பேச்சு கிடையாது. யார் கையாலயும் சாப்பிட மாட்டா, என் கையாலதான் சாப்பிட்டா. இத்தனை வருஷமா நான்தான் ஊட்டறேன், குளிப்பாட்டறேன், தலை பின்னறேன். ஈஸ்டருக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து சிவப்பு முட்டை குடுப்பேன், நீயே பார்த்திருக்கே. எனக்குன்னு ஒண்ணு பொறக்கலை. அவதான் எனக்குப் பொண்ணு.

மத்தவங்களை எங்க வேணா கொண்டு போ. அவளை விட்டுடு. ஹோமை மூடினா என் வீட்டுல வெச்சுக்கறேன். இதை மட்டும் செய். மத்ததுக்கெல்லாம் உன்கிட்ட சண்டை போட மாட்டேன்.

லிதியா


கிஷினாவ்
2018 மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முன்கூட்டியே சொல்லாதது என் தவறுதான். அறிவிப்பு வரும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. ஆனால் விதியை மட்டும் காரணம் காட்டினால் அது பொய்யாகிவிடும். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. மேடையில் ஏறிக்கொண்டு, கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் சொல்வதுபோல் உனக்கும் சொல்லிவிட்டேன்.

ஆனால் இல்லத்தை மூடுவது தவறு என்று என்னால் எழுத முடியாது. சிறுவயதில் அந்த மதிலை ஒட்டித்தான் பள்ளிக்கு நடந்தோம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. இந்தத் தடவை ஒரு வாரம் உள்ளேயே தங்கினேன். படுக்கை அறைக் கதவுகளுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. கழிப்பறைக்குக் கதவே கிடையாது. எல்லோருடைய துணியும் ஒரே அலமாரியில், உள்ளாடை உட்பட. காலையில் எது கைக்கு வருகிறதோ அதை உடுத்திக்கொள்கிறார்கள். எந்தக் குற்றமும் செய்யாத பெண்கள், அக்கா. அவர்களைக் கேட்டு அங்கே யாரும் கொண்டுவரவில்லை. நீ நல்லவள். நீ இல்லாவிட்டால் பலர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். அதனால் அந்த இடம் நல்ல இடமாகிவிடாது.

ஊரைப் பற்றி நீ எழுதியது எனக்கு உறைக்கிறது. கட்டடத்தின் ஒரு பகுதியில் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பகல்நேரக் காப்பகம், ஒரு சலவைக்கூடம், ஒரு சமையற்கூடம் வைக்கவேண்டும் என்று திட்டத்தில் எழுதியவள் நான்தான். ஊரில் வேலை இல்லாமல் போனால் இந்த மாற்றத்துக்கு அர்த்தமே இல்லை. அதற்காகக் கடைசிவரை போராடுவேன்.

வர்வாரா விஷயம். அவளை நீ வைத்துக்கொள்ளலாமா என்று எங்கள் குழுவிடம் கேட்டேன். சட்டப்படி வழி இருக்கிறது. ஆனால் அவளைக் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது என்றார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் நான் சொல்லியிருப்பேன். மூன்று படங்களை அவள் முன் வைத்தோம்: இப்போதைய இல்லம், உன் வீடு, தெலேனா நகரில் வரப்போகும் சிறிய வீடு. தெலேனாவில் ஆறு பெண்கள், ஆளுக்கு ஒரு அறை. போன மாதம் அவளை அங்கே அழைத்துப்போய்க் காட்டியிருந்தோம். உன் வீட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் தெலேனா படத்தின்மேல் கையை வைத்தாள். மறுநாள் இடம் மாற்றி வைத்தோம். அதன்மேல்தான் வைத்தாள்.

தெலேனாவில் பணியாளர்கள் தேவை. நீயும் வரலாம். வீட்டைக் கவனிக்க நானும் அங்கே குடிவருகிறேன், என்னோடு தங்கிக்கொள்.

உன் தங்கை,
அவ்ரேலியா


கிரினேனி
2018 மார்ச் 9

படத்தைக் காட்டிக் கேட்டீங்களாக்கும். சின்னக் குழந்தை முன்னாடி பளபளப்பா ஒண்ணைக் காட்டினா அதைத்தான் தொடும். அதுக்கு முடிவுன்னு பேர் வெச்சிருக்கீங்க.

நான் எங்கயும் வரலை. அப்பா கட்டின வீட்டை விட்டுட்டு உன் ஃப்ளாட்டுல சோபாவுல படுக்கறதுக்கு எனக்கு வயசில்லை.

லிதியா


கிரினேனி
2018 ஜூன் 20

அவ்ரேலியாவுக்கு,

இன்னிக்கு வேன் வந்து தெலேனா போற ஆறு பேரையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. நீ வருவேன்னு நினைச்சேன். வராததும் நல்லதுதான்.

அழுகை, கத்தல், ஒருத்தி தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. நாங்களும் அழுதோம். வாரா மட்டும் தன்னால நடந்து போய் முன் ஸீட்டுக்குப் பின்னாடி ஜன்னலோரமா உட்கார்ந்தா. வழியில பசிக்குமேன்னு சீஸ் வெச்ச பிளசிந்தா ரொட்டி சுட்டு, சூடா துண்டுல சுத்திக் கொண்டு போனேன். ஜன்னல் வழியா நீட்டினேன். வாங்கி மடியில வெச்சுக்கிட்டா. என்னைப் பார்க்கலை. டிரைவர் சாவி திருகறதையே பார்த்துக்கிட்டு இருந்தா. வண்டி கிளம்பினப்பகூடத் திரும்பலை. போறது புரியாமத்தான் அப்படி இருந்தான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுக்கறேன்.

உங்க ஆளுங்க பேப்பர் பேப்பரா வாங்கிட்டுப் போனாங்க. அவளை எப்படிப் பார்த்துக்கணும்னு என்கிட்ட ஒருத்தரும் கேட்கலை. அதனால எழுதறேன், அங்க இருக்கற பொண்ணுங்களுக்குப் படிச்சுக் காட்டு.

சோளக் களியைப் பால் விட்டு இளக்கமா குடுக்கணும். முதல்ல வாயை இறுக்கி மூடிக்குவா. அதைப் பார்த்துப் பயந்து விட்டுடக்கூடாது. இடது கையால மோவாயைப் பிடிச்சுக்கிட்டா வாய் தானாத் திறக்கும். ரெண்டு வாய் உள்ள போயிட்டா அப்புறம் அடம் பண்ண மாட்டா. குளிக்கறதுன்னா பயம். ரெண்டு கையையும் ஒருத்தர் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் சட்டுனு தண்ணி ஊத்திடணும். மெதுவாச் செய்யப் போனா அவளுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.

தூங்கறப்போ கையைக் கடிச்சுக்குவா, ரத்தம் வர்ற வரைக்கும். டாக்டர் தினமும் ஊசி போடச் சொன்னார். ஊசி போட்டவங்க எப்படி ஆனாங்கன்னு நான் பார்த்திருக்கேன். வாயில எச்சில் ஒழுக, சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. அதனால நான் என் கம்பளி மஃப்ளரால ரெண்டு கையையும் சேர்த்துக் கட்டிடுவேன். வலிக்காது. மெத்துனு இருக்கும். அந்த மஃப்ளரையும் அவ பையில வெச்சிருக்கேன், நீலக் கலர்.

தலையைப் பின்னாம விட்டா சிக்கு விழும்.

லிதியா


தெலேனா
2018 செப்டம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. இங்கே கோடை முழுவதும் சண்டையிலேயே போயிற்று.

இந்தத் தெருவில் நாங்கள் இருப்பதை யாரும் விரும்பவில்லை. பக்கத்து வீட்டு கிரிகோரே தெருவெல்லாம் கையெழுத்து வாங்கி நகரசபைக்கு மனு கொடுத்தார். வீட்டு விலை குறைந்துவிடுமாம், குழந்தைகள் பயப்படுமாம். வேலியை ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றினார். மூலைக்கடைக்காரி எங்கள் பெண்களுக்கு ரொட்டி விற்கமாட்டேன் என்றாள். ஒருநாள் சமையலறை ஜன்னலில் கல் விழுந்தது. கிரிகோரேயிடம் போய்ப் பேசினேன். "நீங்க நல்லவங்கதாம்மா. உங்க வீட்டுப் பக்கத்துல வெச்சுக்க வேண்டியதுதானே?" என்றார். மேடையில் எவ்வளவோ பேசுகிறேன், வேலியோரம் ஒருவர் கேட்டால் வாய் அடைத்துப்போகிறது.

வர்வாரா முதல் இரண்டு வாரம் அறைக்குள் போகவே இல்லை. வாசல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒருநாள் அவளுடைய அறைச் சாவியை அவள் கையில் கொடுத்தோம். அன்று முழுவதும் பூட்டித் திறந்து பூட்டித் திறந்து, பூட்டே கழன்று வந்துவிட்டது. புதுப் பூட்டு போட்டோம். இப்போது தானே ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறாள். பாதி கீழே சிந்துகிறது, சிந்தட்டும் என்று விட்டுவிட்டோம். முட்டைக்கோஸ் நறுக்குகிறாள். குளிப்பதற்கு யாரும் கையைப் பிடிப்பதில்லை. வாளியும் குவளையும் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவோம். சிலநாள் குளிப்பாள், சிலநாள் மாட்டாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை, பணிப்பெண் தலையைப் பின்ன வந்தபோது, "வேண்டாம்" என்றாள்.

பேசினாள், அக்கா. அது முனகலோ கத்தலோ இல்லை, சொல். பணிப்பெண் சீப்பைக் கீழே போட்டுவிட்டு எனக்கு ஃபோன் பண்ணி அழுதாள். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அதுதான். சூப் வேண்டாம், டி.வி. வேண்டாம், தொப்பி வேண்டாம். அவள் சொன்னதும் நாங்கள் அதை எடுத்துப் போய்விட்டால் ஆச்சரியத்தோடு பார்க்கிறாள்.

உன்னிடம் ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. வந்த புதிதில், நீ எழுதியபடி, ஒரு பணிப்பெண் அந்த நீல மஃப்ளரை எடுத்தாள். வர்வாரா கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். வெளியே வரவைக்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குப்பின் நாங்கள் அதைப் பயன்படுத்தவில்லை. கையைக் கடித்துக்கொள்வது ஒரு மாதம் இருந்தது, பிறகு குறைந்தது. உன்மேல் குறை சொல்லவில்லை. ஊசிக்குப் பதிலாக நீ அதைச் செய்தாய் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

ஊர்த் திட்டம் இந்த வருடம் நிறைவேறாது. மேலே ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்கள்.

அவ்ரேலியா


கிரினேனி
2018 டிசம்பர் 19

அவ்ரேலியாவுக்கு,

வேண்டாம்னு சொன்னாளா. எப்படிச் சொன்னா? குரல் எப்படி இருந்துது? அதை எழுதவே இல்லையே நீ. கனமான குரலா, கீச்சுக் குரலா? நான் இத்தனை வருஷமா அவ குரல் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்திருக்கேன்.

மஃப்ளர் விஷயம் படிச்சேன். அதைப் பத்தி நான் எதுவும் சொல்லப்போறதில்லை. அங்க ஆறு பேருக்கு எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க? இங்க ஒரு ஷிஃப்டுக்கு நாங்க ரெண்டே பேர், ஒரு மாடி முழுக்க. எனக்கும் ஒரே ஒருத்தியைப் பார்த்துக்கறதா இருந்தா கட்டிலுக்குப் பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்.

ஹோமை அக்டோபர்ல பூட்டிட்டாங்க. ஹீட்டரை நிறுத்தினதும் குழாயெல்லாம் வெடிச்சு, கீழ்த்தளம் ஐஸா உறைஞ்சு கிடக்கு. கதவு, ஜன்னல், தரை ஓடு, எடுக்க முடிஞ்சதையெல்லாம் ஊர்க்காரங்க எடுத்துட்டாங்க. நான் எதையும் எடுக்கலை. சமையல்காரி இத்தாலி போயிட்டா. நிக்குவோட பொண்டாட்டியும் போயிட்டா. பசங்க குறைஞ்சதால ஸ்கூலைப் பக்கத்து ஊரோட சேர்க்கப் போறாங்களாம். உன் பேரைச் சொல்லி என்னைத் திட்டறதுக்குக்கூட இப்ப ஆள் குறைஞ்சு போச்சு.

கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள் நான் தெலேனா வரேன். கொசொனாக் இனிப்பு ரொட்டி பண்ணி எடுத்துட்டு வரேன், திராட்சை போட்டது, வாராவுக்கு ரொம்பப் பிடிக்கும். கம்பளி சாக்ஸ் ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கேன். அவகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடாதே, திடுதிப்புனு என்னைப் பார்த்தா அவ முகம் எப்படி இருக்கும்னு பார்க்கணும்.

அக்கா


தெலேனா
2019 ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபோனை நீ எடுக்கவில்லை. நிக்குவிடம் கேட்டால், நலமாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்கிறான். அன்று சமையலறையில் நீ உட்கார்ந்திருந்தபோது அறைக்குள் என்ன நடந்தது என்பதை நீ அறியவேண்டும். அறிந்தபின் என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம்.

முன்னதாகச் சொல்லிவைக்காதே என்று எழுதியிருந்தாய். ஆனால் இங்கே யார் வந்தாலும் முதலில் பெண்களைக் கேட்பது வழக்கம், அதிகாரிகள் வந்தாலும் அப்படித்தான். நீ வந்ததும் நான் அவள் அறைக் கதவைத் தட்டினேன். ஜன்னலோரம் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "லிதியா வந்திருக்கா. சமையல்கட்டுல இருக்கா" என்றேன். உன் பெயர் கேட்டதும் என் பக்கம் திரும்பினாள். முகம் மாறியது. சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன். "வேண்டாம்" என்றாள்.

எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொல்கிறவள்தானே என்று, நீ கொண்டுவந்த கொசொனாக்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அதை வாங்கித் தின்றாள். "லிதியா பண்ணினது. வந்து பார்க்கறியா?" என்று கேட்டேன். தின்பதை நிறுத்தினாள். "வேண்டாம்." எழுந்து வந்து, என்னைத் தோளில் கைவைத்து மெதுவாக வெளியே தள்ளி, கதவைச் சாத்தி உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டாள். அந்தச் சத்தம் உனக்கும் கேட்டது.

பிறகு நீ கேட்டாய், "உன்கிட்ட இன்னொரு சாவி இருக்கும்ல?"

"இருக்கு."

"அப்ப திற. ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடறேன். பேசக்கூட மாட்டேன்."

"முடியாதுக்கா."

சாக்ஸை மேஜைமேல் வைத்துவிட்டு, கோட்டைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனாய். பஸ் நிலையம்வரை வருகிறேன் என்றதற்கு, "நீ அவளைப் பார்த்துக்கோ" என்றாய்.

அந்த மாற்றுச் சாவி தீ, விபத்து போன்ற ஆபத்துக்கு. அன்று அது என் பையில்தான் இருந்தது. நம் அம்மா இறந்தபிறகு என்னை வளர்த்தவள் நீ. அந்தக் கதவை உனக்காகத் திறந்திருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் அவள் வாழ்க்கையில் அவளால் பூட்ட முடிந்த முதல் கதவு அது. அதையும் ஒருத்தி வெளியிலிருந்து திறக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால், நாங்கள் கொடுத்த அறையும் பழைய அறை மாதிரிதான். அதனால் திறக்கவில்லை. சரியாகச் செய்தேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

அவள் உன்னை வெறுக்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் மனதில் என்ன என்று எனக்குத் தெரியாது. அவளிடம் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது.

அவ்ரேலியா


தெலேனா
2019 ஏப்ரல் 30

அக்கா,

ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. கோழிகள் பக்கத்து வீட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. நீ பிப்ரவரியிலேயே இத்தாலி போய்விட்டாய் என்று நிக்கு சொன்னான். முகவரி கேட்டேன், தரமாட்டேன் என்றான். "உன் அக்கா வேண்டாம்னு சொல்லியிருக்கு" என்றான். வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தாலிக்குப் பார்சல் கொண்டுபோகும் மினிபஸ்காரரிடம் இதைக் கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டான். வந்து சேர்ந்ததா என்று மட்டும் யாரிடமாவது சொல்லியனுப்பு.

அப்பா அம்மா கல்லறையைச் சுத்தம் செய்து மெழுகுவத்தி ஏற்றினேன். நம் வரிசையில் பல கல்லறைகளுக்கு இந்த வருடம் யாரும் வரவில்லை.

அவ்ரேலியா


பாதுவா
2019 நவம்பர் 10

அவ்ரேலியாவுக்கு,

உன் ரெண்டு கடுதாசியும் கிடைச்சுது. பதில் எழுதக்கூடாதுன்னு வைராக்கியமா இருந்தேன். இன்னிக்குப் பூங்காவுல சமையல்காரி என்னைப் பார்த்து, "கூடப் பொறந்தவகிட்ட எத்தனை நாள்டி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவே"ன்னு திட்டினா. ஊர்ல என்கூடப் பேசாதவ அவ. இங்க ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பூங்காவுல எல்லாரும் கூடுவோம். ஹோம்ல வேலை பார்த்தவங்க பாதிப் பேர் இங்கதான். ஒரே பெஞ்சுல உட்கார்ந்து ஊர் சீஸையும் ரொட்டியையும் பங்கு போட்டுத் தின்னுட்டு, அவங்கவங்க பார்த்துக்கற கிழவி வீட்டுக்குத் திரும்பிடுவோம்.

நான் இருக்கறது மூணாவது மாடி. இடான்னு ஒரு அம்மா, ஞாபகம் தப்பிப் போச்சு. அவங்க பொண்ணு பியெரா வெளியிலருந்து பூட்டிட்டுப் போயிடறா, அம்மா தெருவுல இறங்கிடக்கூடாதுன்னு. ஞாயித்துக்கிழமை அவ வந்து திறந்தாத்தான் நான் வெளிய போகலாம். முதல் மாசம் அந்தக் கதவுகிட்ட நின்னு கைப்பிடியை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். நெருப்புப் பிடிச்சா என்ன பண்றதுன்னு பியெராகிட்ட கேட்டேன். அப்படியெல்லாம் நடக்காதுன்னா.

இடா அம்மா மாத்திரை போட மாட்டாங்க. துப்பிடுவாங்க. மோவாயைப் பிடிச்சு உள்ள தள்ளுன்னு பியெரா சொன்னா. எனக்கா தெரியாது? என் இடது கைக்குத் தானாத் தெரியும். அப்படித்தான் குடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் மோவாயைப் பிடிச்சப்ப அந்த அம்மா கையை ஓங்கலை, கத்தலை, சும்மா என்னைப் பார்த்தாங்க. கண்ணை மூடாம, நான் முடிக்கற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கற மாதிரி ஒரு பார்வை. அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். இருபது வருஷமா அதை நான் பாசம்னு நினைச்சிருந்தேன்.

கையை எடுத்துட்டேன். அன்னிக்கு மாத்திரை போடலை. பியெரா வந்து எண்ணிப் பார்த்துட்டு என்னைக் கிழிச்சா. இப்ப ஜாம்ல வெச்சுக் குடுத்துப் பார்க்கறேன். சிலநாள் சாப்பிடுவாங்க.

இதை வெச்சு நான் பண்ணினது தப்புன்னு ஒத்துக்கிட்டேன்னு நினைச்சுக்காதே. ஊட்டாம விட்டிருந்தா வாரா செத்திருப்பா. ஊசி போட்டிருந்தா, வேண்டாம்னு சொல்ல அவளுக்கு வாயே இருந்திருக்காது. அதுவும் நிஜம்தான். ரெண்டையும் எப்படிச் சேர்த்து வெச்சுக்கறதுன்னுதான் எனக்குத் தெரியலை.

அன்னிக்கு உங்க வீட்டுலருந்து வெளிய வந்து கேட்டுக்குப் பக்கத்துல நின்னு கோட்டை மாட்டிக்கிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டு ஆள் பனியை வழிச்சுக்கிட்டு இருந்தார், உன் கிரிகோரேவாத்தான் இருக்கணும். "இந்தப் பைத்தியங்களுக்குச் சொந்தமா நீங்க?"ன்னு கேட்டார். "ஆமா, என் பொண்ணு உள்ள இருக்கா. ஜன்னல்ல இன்னொரு கல்லு விழுந்துதுன்னா நான் வந்து உங்க வேலியைப் பிடுங்கிப் போட்டுடுவேன்"னேன். மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டார். என்னைப் பார்க்க மாட்டேன்னு சொன்னவளுக்காக அங்க நின்னு சண்டை போட்டுட்டு வந்தேன், பார்த்துக்கோ. பஸ்ஸுல வர்றப்பதான் அழுகை வந்துது.

நீ கதவைத் திறக்காததை நான் மன்னிச்சேனான்னு தெரியலை. அதைக் கேட்காதே.

ஒண்ணு மட்டும் செய். என்னைப் பத்தி அவகிட்ட நீயாப் பேச்சை எடுக்காதே. அவளா என்னைக் கேட்டா, பேரைக்கூட வேண்டாம், சும்மா வாசலைப் பார்த்துக் கையைக் காட்டினாக்கூட, உடனே எனக்கு எழுது. நிஜத்தை எழுது. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு எதையாவது ஜோடிச்சு எழுதிடாதே.

லிதியா


தெலேனா
2019 டிசம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உண்மையை எழுதச் சொன்னாய். அவள் உன்னைக் கேட்கவில்லை.

இப்போது சில சொற்கள் கூடியிருக்கின்றன. "இன்னும்" என்கிறாள், "என்னோடது" என்கிறாள். சமையலறையில் வேலை செய்யும் பெண்ணை அவளுடைய பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஒரு ரொட்டிக் கடைக்குப் போய்த் தட்டுகளைத் துடைக்கிறாள். என்னையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீ போன வருடம் கேட்டதற்குப் பதில் எழுத மறந்துவிட்டேன்: கனமான குரல், அக்கா. கொஞ்சம் கரகரப்பு. நாம் எதிர்பார்த்திருக்க மாட்டோம்.

சாக்ஸைப் போட்டுக்கொள்கிறாள். யார் பின்னியது என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்குத் தெரியாது. அதனால் அதை வைத்து உனக்கு ஒன்றும் சொல்லமாட்டேன்.

வேறொரு செய்தியும் இருக்கிறது. இந்த வீட்டுக்கு வரும் வெளிநாட்டு நிதி வசந்தத்தோடு முடிகிறது. அதன்பின் நகரசபை ஏற்று நடத்தவேண்டும், கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். இப்போது இரண்டு கூட்டத்தில் இதைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். ஆறு பேருக்கு இவ்வளவு செலவா என்று ஒருவர் கேட்டார். மறுத்துவிட்டால் வடக்கே இன்னும் மூடாத பெரிய இல்லம் ஒன்றுக்கு இவர்களை அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குகிறேன். நம் ஊர்த் திட்டத்துக்கும் இப்படித்தான் ஏறி இறங்கினேன். அது என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும்.

வர்வாராவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. உங்களைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டோம் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தவள் நான். இந்த முறை கேட்பதற்கு என்னிடம் மூன்று படங்கள் இல்லை. அடுத்த வாரம் ஆறு பேரையும் உட்காரவைத்துச் சொல்லப்போகிறேன். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை நகரசபையில் யாராவது காதில் வாங்குவார்களா என்பதுதான் தெரியவில்லை.

போன வாரம் ஊருக்குப் போய் வந்தேன். உறைபனிக்கு முன்னால் வீட்டுக் குழாய்களில் தண்ணீரை வடித்துவிட்டேன். கூரையில் ஒரு ஓடு நகர்ந்திருந்தது, நிக்கு ஏறிச் சரிசெய்தான்.

அவள் உன்னைக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். நீ எப்போது வருகிறாய், அக்கா? ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும், நான் போய் அடுப்பு மூட்டி வீட்டைச் சூடாக்கி வைக்கிறேன்.

உன் தங்கை,
அவ்ரேலியா